இலங்கை மலையகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்கு: பிள்ளையை மாலையில் எதில் சேர்ப்பது?

தமிழ்நாட்டிலிருந்து வேலை நிமித்தம் குடும்பத்தோடு கண்டி, ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் வந்து குடியேறும் பெற்றோர், பிள்ளைக்குப் பாடசாலை முடிவானதும் அடுத்துக் கேட்பது, மாலை நேரத்தில் எதில் சேர்க்கலாம் என்பதைத்தான். கேட்கும்போதே பரதம், கீபோர்ட், கராத்தே, சதுரங்கம் என்று ஒரு பட்டியலும் கையில் இருக்கும். அவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால் ஊரும் முகங்களும் காதில் விழும் சிங்களமும் ஒருசேரப் புதிதாக இருக்கும் பிள்ளைக்கு, முதல் ஆண்டில் வேண்டியது ஒத்த வயதுப் பிள்ளைகள் "இன்றைக்கு ஏன் வரவில்லை?" என்று தேடும் ஓர் இடம். ஆசிரியர் முன் தனியே உட்கார்ந்து கற்கும் வகுப்பில் அது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே முதல் ஆண்டுக்கு ஒன்றே ஒன்று போதும். அதுவும் பாடசாலைக்குள்ளேயே நடக்கும் குழுச் செயற்பாடாக இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து.

இங்கே அரச பாடசாலைகள் காலை 7.30 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30 மணிக்கு முடிந்துவிடுவதால், பயிற்சிகளுக்கு நல்ல வெளிச்சம் இருக்கும்போதே நேரம் கிடைக்கிறது. பிள்ளை சேர்ந்தவுடன் ஏதாவது ஓர் இல்லத்தில், அதாவது போட்டிகளுக்காகப் பிள்ளைகளைப் பிரித்திருக்கும் அணிகளில் ஒன்றில், பெயர் பதியப்படும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முந்தைய வாரங்களில் ஓட்டம், அஞ்சல் ஓட்டம், அணிநடை, இல்ல அலங்காரம் என்று எல்லோருக்கும் ஏதாவது வேலை இருக்கும். ஓடத் தெரியாத பிள்ளைகூட வர்ணத்தாள் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும்போது நாலு பேரோடு பழகிவிடும். அந்த வாரங்களில் மாலை வகுப்பு என்று சொல்லிப் பிள்ளையைச் சீக்கிரம் அழைத்துச் சென்றுவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால் முதலில் சாரணர் குழுவைத்தான் சொல்வேன். இலங்கையில் சாரணர் இயக்கம் தொடங்கியதே மலைநாட்டில்தான்: 1912ஆம் ஆண்டு மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில். பெண் சாரணியரும் 1917ஆம் ஆண்டு கண்டியில்தான் தொடங்கினார்கள். சிறுவர்களுக்குக் குருளைச் சாரணர் பிரிவு உண்டு. சீருடையும் கழுத்துப்பட்டியும் வாங்கிவிட்டால் பெரிய செலவு இல்லை. ஆறேழு பேர் கொண்ட அணியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு இருப்பதால், கூச்ச சுபாவமுள்ள பிள்ளையும் ஒதுங்கி நிற்க முடியாது. தமிழ்மொழிப் பாடசாலைப் பிள்ளைகளும் சிங்களமொழிப் பாடசாலைப் பிள்ளைகளும் பாசறையில் ஒன்றுசேர்வார்கள்; கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு "தவ டிக்கக்" என்று எதிரே இருப்பவன் சொல்ல, உங்கள் மகன் இன்னும் கொஞ்சம் இழுத்துக் கொடுப்பான். அப்படிக் காதில் ஏறும் சிங்களம் வெகு சீக்கிரம் வாயிலும் வந்துவிடும்.

கிரிக்கெட் கேட்கும் பிள்ளைகள் ஏராளம். கண்டிப் பகுதியில் அதற்கு வாய்ப்பும் அதிகம், போட்டியும் அதிகம். துடுப்பு, கால்காப்பு, கையுறை எல்லாம் சேர்த்துச் செலவும் கூடுதல். சேர்க்கும் முன் ஒரு மாலை மைதானத்தின் ஓரமாக நின்று, பயிற்றுநர் சிறிய பிள்ளைகளையும் பந்து வீச விடுகிறாரா, அல்லது அவர்கள் பந்து பொறுக்கிக் கொடுக்க மட்டும்தானா என்று பாருங்கள். கட்டுகஸ்தோட்டை சென். அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்த முத்தையா முரளிதரன், பயிற்றுநரின் சொற்படி 14 வயதில்தான் சுழற்பந்துக்கு மாறினார். பின்னர் டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகள் எடுத்தார். பிள்ளைக்கு எது வரும் என்று நின்று கவனிக்கும் ஒருவர் கிடைப்பது பெரிய மைதானம் கிடைப்பதைவிட மேல்.

பாட்டும் பரதமும் ஊரில் கற்றுவந்த பிள்ளைகள் அவற்றை விட்டுவிட வேண்டியதில்லை. 6ஆம் தரம் முதல் அழகியற் பாடமாகச் சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம் ஆகியவற்றில் ஒன்றைப் படிக்க வேண்டியிருப்பதால், அந்தப் பாடசாலையில் எதற்கு ஆசிரியர் இருக்கிறார் என்று முன்கூட்டியே கேளுங்கள். தமிழ்த் தினப் போட்டியில் பேச்சு, பாவோதல் (கவிதை ஒப்புவித்தல்) போன்றவை பாடசாலை மட்டத்தில் தொடங்கி வலயம், மாகாணம், தேசியம் வரை போகும். நன்றாகப் பேசும் பிள்ளைக்கு அது அருமையான வாசல். கோவில்களில் ஞாயிறு காலை நடக்கும் அறநெறி வகுப்புகளையும் மறந்துவிட வேண்டாம்.

மழையை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நோர்வூட், வட்டவளைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் அப்போது வெயில் அடித்தாலும் ஆண்டின் கடைசி மாதங்களில் அங்கே மழை வரும். வெளி மைதானப் பயிற்சிகள் அந்தக் காலத்தில் அடிக்கடி தடைப்படும் என்பதால், உள்ளரங்கு இருக்கிறதா என்று விசாரியுங்கள். பயிற்சி முடியும் நேரத்துக்குப் பாடசாலை வேன் போயிருக்கும். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு, அதில் அதே தேயிலைத் தோட்டத்துக்கோ தெருவுக்கோ போகும் பெரிய பிள்ளை யாராவது உண்டா என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள். பூரணை தினங்களில் விடுமுறை என்பதால் வகுப்பு இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது. பைக்குள் மாற்றுக் காலுறை ஒரு சோடியும் சிறு சவர்க்கார (சோப்பு) துண்டும் எப்போதும் இருக்கட்டும். புல்வெளியில் இறங்கும் முன் கணுக்காலில் தேய்த்துக்கொண்டால் அட்டைப்பூச்சி அவ்வளவாக ஏறாது.