மறு: ‘இன்ன மெட்டில் பாடுக’: பொதுமெட்டா, இரவல்மெட்டா, வர்ணமெட்டா?

அன்புள்ள குழுவினருக்கு,

இழை 40 மடல்களைத் தாண்டிவிட்டது. முதுகலை ஒப்பிலக்கிய வகுப்புக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். கேட்டதை மறுபடி சொல்லிவிடுகிறேன்: பழைய ஆங்கிலத் தெருப்பாட்டுத் தாள்களில், எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய பாட்டின் மெட்டில் பாடச் சொல்வார்களே, அந்த மெட்டைத் தமிழில் என்னவென்று சொல்வது? ‘பாலட்’ கதைப்பாடல்தான், அதில் சண்டை இல்லை. ஒருபக்கம் மட்டும் அச்சடித்ததை ஒற்றைத்தாள் என்பதிலும் ஒத்துப்போய்விட்டோம். சிக்கலெல்லாம் தலைப்போடு வரும் ‘இன்ன மெட்டில் பாடுக’ என்ற அந்த ஒரு வரியில்தான்.

ஒரு தாளைக் கண்முன் வைத்துக்கொண்டு பேசுவோம். 1616 ஜூனில் லண்டன் கௌ லேனில் ஆன் வாலன்ஸ் என்பவள் தன் கணவனைக் கொன்றாள். ஜூலை 1 அன்று ஸ்மித்ஃபீல்டில் அவளை எரித்தார்கள். அவளே புலம்புவதாக ஒரு தாள் வந்தது. தலைப்பில் கொலை, நாள், தண்டனை எல்லாம் சொல்லி, முடிவில் ‘ஃபார்ச்சூன் மை ஃபோ’ மெட்டு என்று ஒரு குறிப்பு. சுரக்குறிப்பு கிடையாது, தேவையும் இல்லை. வாங்குகிறவருக்கு மெட்டு தெரியும். காதலியின் அன்பை இழந்தவன் விதியை நோகும் பாட்டின் மெட்டு அது. தூக்குமேடைப் பாட்டுகளுக்கே ஆகிவந்து, பிற்பாடு ‘தூக்கு மெட்டு’ என்றே பெயரெடுத்தது. விற்கிறவன் முதலடியை இழுத்ததுமே சாவுச் செய்தி என்று தெருவுக்குத் தெரிந்திருக்கும்.

> இரவல்மெட்டு என்றால் படித்தவுடன் புரியுமே

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். இரவல் என்றால் உடையவர் ஒருவர் வேண்டும். இங்கே அப்படி யாரும் இல்லை. பழைய பாட்டின் துக்கமும் மெட்டோடு சேர்ந்தே வருகிறது. கைமாறுவது வெறும் ராகம் இல்லை.

> மெட்டு தெலுங்கு. பண் இருக்கக் கடன் எதற்கு?

ஐயா, பண் என்றதும் மாணவர் தேவாரத்துக்குப் போய்விடுவார்கள். ஒரே பண்ணில் எத்தனையோ மெட்டு அமைக்கலாம், இரண்டும் ஒன்றாகாது. மெட்டு என்ற சொல் வந்தது வீணை மெட்டிலிருந்தா, படிக்கட்டு மெட்டிலிருந்தா என்று ஆறு மடல் ஓடியது. எங்கிருந்து வந்திருந்தாலும் பாடுகிறவர் வாயில் இருப்பது மெட்டுதான்.

அப்புறம், மெட்டுக்குப் பதிலாக நீங்கள் சொன்ன பண்ணத்தி. தொல்காப்பியத்தின் ‘பாட்டிடைக் கலந்த பொருள வாகிப் பாட்டின் இயல பண்ணத் திய்யே’ என்ற நூற்பாவை எடுத்துத் தந்ததற்கு நன்றி. பண்ணை நத்துவதால், அதாவது விரும்புவதால், பண்ணத்தி என்று நீங்கள் பிரித்ததையும் ரசித்தேன். ஆனாலும் அது பாட்டுவகையின் பெயர், மெட்டின் பெயர் இல்லை.

என் வாக்கு வர்ணமெட்டுக்கு. நம் பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களிலும் தெருவில் மலிவாக விற்ற குஜிலிப் பதிப்புகளிலும் ‘என்ற வர்ணமெட்டு’ என்று பாட்டின் தலையில் போட்டார்களே, அதே இடம், அதே வேலை. வடசொல் வேண்டாம் என்று வண்ணமெட்டு ஆக்கினால் தொல்காப்பியரின் இருபது வண்ணமும் வந்து குழப்பும். அவை ஓசை நடையைச் சொல்பவை.

நேற்றிரவு வரை பொதுமெட்டுக்கு ஏழு பேர், வர்ணமெட்டுக்கு என்னோடு மூன்று பேர். சரி, குறிப்பில் பொதுமெட்டு என்றே போடுகிறேன். தாளின் வரியை மொழிபெயர்க்கும் இடத்தில் மட்டும் ‘ஃபார்ச்சூன் மை ஃபோ என்ற வர்ணமெட்டு’ என்றுதான் இருக்கும், அதை மாற்ற மாட்டேன். பண்ணத்திக்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா, வருகிறேன்.