காற்றில் ஓடு பறந்து போச்சு, இன்சூரன்ஸில் 3,800 வெள்ளிதான் (ரிங்கிட்) தர்றாங்களாம். கையெழுத்துப் போடலாமா?

பிறைவாசி:
எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு, பிறையில் ஒற்றைத் தட்டு டெரஸ் வீடு. மூணு வாரத்துக்கு முன்னாடி சாயங்காலம் அடிச்ச காற்றில் முன்பக்க ஆனிங் (வாசலுக்கு மேலே போடுற மறைப்பு) பிய்ஞ்சு ரோட்டில் போய் விழுந்துச்சு. போற போக்கில் நாலு வரிசை ஓட்டையும் கிளப்பிட்டுப் போயிடுச்சு. பின்னாடியே மழை. சாமி ரூம் சீலிங் ஊறி, ராத்திரி பத்து மணிக்கு மொத்தமா கீழே இறங்கிடுச்சு. நல்ல வேளை, யாரும் உள்ளே இல்லை.

செலவுக் கணக்கு: ஓடு, சீலிங், வயரிங் 9,600 வெள்ளி. ஆனிங் 4,200. டிவியும் அலமாரியும் 3,600. ஆக 17,400. எல்லாத்துக்கும் கொட்டேஷன் வாங்கிக் கொடுத்தாச்சு.

சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பின அட்ஜஸ்டர் வந்தார், கால் மணி நேரம் இருந்தார், "கூரை பழசு, தேய்மானம்" என்றார். 2017-ல் இங்கே வெள்ளம் வந்ததே, பாலிசி எடுக்கும்போது சொன்னீங்களா என்றும் கேட்டார். நேற்று கம்பெனியிலிருந்து போன்: 3,800 தர்றோம், ஃபாரத்தில் சைன் பண்ணுங்க, பணம் வந்துடும். கையில் காசில்லை, மேலே கேன்வாஸ் கட்டி வச்சிருக்கேன். சைன் பண்ணிடலாமா?

பாகான்_அக்கா:
தம்பி, அவசரப்படாதீங்க. அந்த ஃபாரத்தை நல்லாப் படிங்க, "முழுமையான, இறுதியான தீர்வு" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். சைன் பண்ணினா கதை முடிஞ்சுது. முதல்ல இதைச் சொல்லுங்க, உங்களுடையது வெறும் ஃபயர் பாலிசியா, ஹவுஸ்ஓனரா? வெறும் ஃபயர்னா தீ, இடி, வீட்டு கேஸ் வெடிப்பு அவ்வளவுதான். காற்றும் வெள்ளமும் அதில் தானா வராது.

ஜாவி_பையன்:
பேங்க் லோன் வீடுதானே அண்ணே? எம்.ஆர்.டி.ஏ. போட்டிருப்பாங்களே, அதில் கேளுங்க.

பாகான்_அக்கா:
எம்.ஆர்.டி.ஏ. லோன்காரர் இறந்துட்டாலோ முடங்கிட்டாலோ மீதிக் கடனைக் கட்டுறதுக்கு. ஓட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை லா.

பிறைவாசி:
பேங்க் ஃபைலைத் தேடி எடுத்தேன். ஹவுஸ்ஓனர்னுதான் போட்டிருக்கு. 2019-ல் எடுத்தது, காப்பீட்டுத் தொகை 180,000. ஹவுஸ்ஹோல்டர்னு எதுவும் இல்லை. இரண்டும் ஒண்ணுதானே?

ஓய்வுபெற்ற_அட்ஜஸ்டர்:
ஒண்ணு இல்லை தம்பி. ஹவுஸ்ஓனர் கட்டடத்துக்கு, ஹவுஸ்ஹோல்டர் உள்ளே இருக்கிற சாமான்களுக்கு. பேங்குக்கு உங்க டிவியைப் பற்றிக் கவலையில்லை, அதனால கட்டடத்துக்கு மட்டும்தான் எடுப்பான். 3,600-ஐ மறந்துடுங்க.

ஆனிங்கும் போச்சு. பாலிசிப் புத்தகத்தில் சூறாவளி, புயல் காற்று என்கிற பிரிவுக்குக் கீழே விலக்குகளைப் பாருங்க. ஆனிங், வேலி, கேட் மாதிரி வெளிப்புறச் சாமான்களுக்குக் கிடையாதுன்னு வழக்கமா இருக்கும். மண் சரிவும் தனியாச் சேர்த்தால்தான். நான் சர்வீஸில் இருந்த காலத்தில் காற்று அடிச்ச மறுநாள் வர்ற போனில் பாதி ஆனிங்குக்காகத்தான். ஒவ்வொருத்தர்கிட்டேயும் இல்லைன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போகும்.

ஆக, பேச்சு 9,600-ஐப் பற்றி மட்டும். இதில் இரண்டு இடத்தில் கை வைப்பாங்க. ஒண்ணு "ஆவரேஜ்". வீட்டைத் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும்னு அட்ஜஸ்டர் ஒரு கணக்குப் போட்டிருப்பார், அதைக் கேட்டு வாங்குங்க. 240,000 என்று போட்டிருந்தால், நீங்க 180,000-க்குத்தான் எடுத்திருக்கீங்க, முக்கால் பங்கு. நஷ்டத்திலும் முக்கால்தான் தருவாங்க: 7,200. மனசுக்குக் கஷ்டமா இருக்கும், ஆனா பாலிசியில் உள்ளதுதான். நிலத்தின் விலையையோ லோன் பாக்கியையோ வச்சுத் தொகை போட்டால் இப்படித்தான் மாட்டிக்கணும். இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பியாம் சங்கத்தின் கட்டடச் செலவுக் கால்குலேட்டர் இருக்கு, அடுத்த ரினியூவலுக்கு முன்னாடி அதில் போட்டுப் பாருங்க.

அப்புறம் எக்ஸஸ், அதாவது நஷ்டத்தில் நாம கைக்காசில் ஏத்துக்க வேண்டிய முதல் பங்கு. என் சொந்த வீட்டுப் பாலிசியில் காற்று, வெள்ளத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 விழுக்காடு அல்லது 200 வெள்ளி, எது குறைவோ அது. உங்களுடையதும் அப்படியென்றால் 7,000 வரணும்.

7,000 எங்கே, 3,800 எங்கே? நடுவில் இருக்கிற 3,200 தேய்மானம் என்று வெட்டினதாத்தான் இருக்கணும். இங்கேதான் நீங்க பேசணும். பாலிசியோட வர்ற விவரத் தாளில், அதான் ஷெட்யூலில், "ரீஇன்ஸ்டேட்மென்ட் வேல்யூ" என்று இருக்கா, "மார்க்கெட் வேல்யூ" என்று இருக்கா? மார்க்கெட் என்றால் வயசுக்குக் கழிக்கலாம். ரீஇன்ஸ்டேட்மென்ட் என்றால் பழசுக்குப் புதுசு, தேய்மானம் கழிக்கக் கூடாது.

"கூரை பழசு, அதனால்தான் விழுந்துச்சு" என்கிறது வேறு வாதம். அதுக்குப் பதில் காற்றுதான். வானிலை இலாகா மெட்மலேசியாவுக்கு பட்டர்வொர்த்திலும் பாயான் லெப்பாசிலும் நிலையம் இருக்கு, அன்றைக்குக் காற்றின் வேகம் என்னன்னு எழுதிக் கேட்டு வாங்குங்க. அக்கம்பக்கத்து வீட்டில் ஓடு போயிருந்தால் அதையும் போட்டோ எடுங்க. உடைஞ்ச ஓட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. கேன்வாஸ் கட்டினது ரொம்ப சரி, சேதம் கூடாமப் பார்த்துக்கிறது உங்க கடமை. அந்த ரசீதையும் வச்சுக்கோங்க.

மாக்மண்டின்_மச்சான்:
சிம்பிள் வழி சொல்றேன். ஆனிங் போட்டவர்கிட்டேயே "ஓடு வேலை"ன்னு பில் மாற்றி வாங்கிக் கொடுங்க. யாருக்குத் தெரியும்?

ஓய்வுபெற்ற_அட்ஜஸ்டர்:
எனக்குத் தெரியும். கால் மணி நேரம் இருந்துட்டுப் போனாரே, அவருக்கும் தெரியும், போட்டோ எடுத்திருப்பார். கிளெய்மில் ஒரு பொய் பில் அகப்பட்டால் நியாயமா வர வேண்டிய 7,000-மும் சேர்ந்து போகும். போலீஸ் வரைக்கும் போகலாம். இந்த மாதிரி யோசனையை இங்கே எழுதாதீங்க மச்சான்.

சட்டப்_புத்தகம்:
அந்த 2017 கேள்வியை யாரும் கவனிக்கலையே. நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு முழுக்க வந்த வெள்ளத்தைத்தான் கேட்கிறார். இப்போ சேதம் காற்றால், வெள்ளத்தால் இல்லை, அது முதல் விஷயம். இரண்டாவது, 2013-ம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் 9-வது அட்டவணை. தனிநபர் எடுக்கிற பாலிசியில் கம்பெனிதான் குறிப்பாக் கேள்வி கேட்கணும். நீங்க கவனமா, உண்மையா பதில் சொன்னால் போதும். ஃபாரத்தில் "இதுக்கு முன்னாடி வெள்ளம் வந்திருக்கா"ன்னு கேட்கவே இல்லைன்னா, சொல்லலைன்னு இப்போ குறை பிடிக்க முடியாது. கேட்டு, தவறாச் சொல்லியிருந்தாலும் வேணும்னே சொன்னதா, கவனக்குறைவா, தெரியாம நடந்ததான்னு பிரிச்சுத்தான் பார்க்கணும். பாலிசி எடுக்கும்போது நீங்க நிரப்பின புரொபோசல் ஃபாரத்தின் நகலைக் கேளுங்க.

தாமான்_இந்திரா:
கொஞ்சம் வேற பேச்சு. என் அண்ணன் மகள் ஃப்ளோரிடாவில் இருக்கா. அங்கே 2022-ல் இயன் சூறாவளி வந்தப்போ இதே சண்டைதான், ஆனா "காற்றா, தண்ணியா" என்று. சாதாரண வீட்டுப் பாலிசியில் வெள்ளம் கிடையாதாம். வெள்ளத்துக்கு அரசாங்கத் திட்டத்தில் தனியா எடுக்கணும், கட்டடத்துக்கு அதிகபட்சம் 250,000 டாலர், எடுத்து 30 நாள் கழிச்சுத்தான் பொதுவா அமலுக்கு வருமாம். எக்ஸஸும் விழுக்காட்டுக் கணக்கு. 300,000 டாலர் வீட்டுக்கு 2 விழுக்காடுன்னா முதல் 6,000 கைக்காசு. நம்ம 200 வெள்ளியைக் கேட்டுட்டு சிரிச்சா.

பாகான்_அக்கா:
இனி என்ன செய்றதுன்னு நான் சொல்றேன், போன வருஷம் நான் நடந்த வழி. போனில் பேசாதீங்க. கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு ஈமெயில் போடுங்க: எந்தத் தொகையை, பாலிசியின் எந்த விதிப்படி கழிச்சீங்கன்னு எழுத்தில் தாங்க, அட்ஜஸ்டரின் கணக்கையும் தாங்கன்னு. அவர் கம்பெனி நியமிச்சு, கம்பெனி காசு கொடுக்கிற ஆள். அவர் சொன்னது தீர்ப்பு இல்லை.

அவங்க இறுதி முடிவுன்னு கடிதம் கொடுத்தும் சரியில்லைன்னா, இந்த மாதிரிப் புகாரை விசாரிக்கிற எஃப்.எம்.ஓ.எஸ். அமைப்பு இருக்கு. முன்னாடி ஓ.எஃப்.எஸ். என்று இருந்ததுதான், 2025 ஜனவரியில் பேர் மாறிடுச்சு. 250,000 வெள்ளி வரை பார்ப்பாங்க, நமக்குக் கட்டணம் இல்லை. இறுதி முடிவு வந்த ஆறு மாசத்துக்குள் போயிடணும். அங்கே சொல்ற தீர்ப்பை நாம ஏத்துக்கிட்டா கம்பெனியும் ஏத்துக்கணும். நமக்குப் பிடிக்கலைன்னா கோர்ட் வழி இன்னும் திறந்திருக்கும். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் 1-300-88-5465-க்கும் போன் பண்ணி வழி கேட்கலாம்.

பிறைவாசி:
நாலு வாரம் ஆச்சு, சொல்லாமப் போனா நல்லா இருக்காதுன்னு வந்தேன். ஷெட்யூலின் இரண்டாம் பக்கத்தில் ரீஇன்ஸ்டேட்மென்ட்னுதான் இருந்தது. புரொபோசல் ஃபாரத்தில் வெள்ளத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அட்ஜஸ்டர் போட்ட தொகையும் ஐயா சொன்ன மாதிரி 240,000-தான், எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? ஷெட்யூலையும் ஃபாரத்தையும் ஸ்கேன் பண்ணி அக்கா சொன்ன மாதிரியே ஈமெயில் போட்டேன். பத்து நாள் சத்தமே இல்லை. அப்புறம் கடிதம் வந்தது: 6,650. பெயின்ட் செலவில் கொஞ்சம் கழிச்சிருக்காங்க. அதுக்காக எஃப்.எம்.ஓ.எஸ். வரைக்கும் போக எனக்குத் தெம்பு இல்லை, சைன் பண்ணிட்டேன்.

ஓய்வுபெற்ற_அட்ஜஸ்டர்:
உங்க தாமான் வீடுகளை நிறைய அளந்திருக்கேன் தம்பி. பெயின்ட் 350-ஐ நான் விட்டிருக்க மாட்டேன். சரி, போகட்டும். ஓடு மாட்டியாச்சா?

பிறைவாசி:
மாட்டியாச்சுங்க ஐயா. பழைய ஓட்டின் நிறம் இப்போ கடையில் வர்றதில்லையாம். சிவப்புக் கூரை நடுவில் நாலு வரிசை மட்டும் காப்பி நிறம். அம்மா தினமும் வெளியே நின்னு பார்த்துட்டுத் திட்டுறாங்க.