மார்க் 20எச்: கீழ் சிலிண்டர் பிளக் மட்டும் வெளுக்கிறது, டைமிங்கைக் குறைக்கலாமா?

படகுப்பித்தன்: 1950களின் மெர்குரி மார்க் 20எச், ரேஸ் படகு மோட்டார், இரட்டை சிலிண்டர். ரிங், கேஸ்கெட் எல்லாம் புதுசு, பெட்ரோலில்தான் ஓடுகிறது, ஆல்கஹால் இல்லை. ஃபுல் த்ராட்டிலில் ஓட்டி, அப்படியே எஞ்சினை அணைத்துப் பிளக்கைக் கழற்றினால் மேல் சிலிண்டர் நல்ல பழுப்பு. கீழே உள்ளது பீங்கான் வெள்ளை, அதில் மிளகுத்தூள் தூவின மாதிரி சாம்பல் புள்ளிகள். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் தட்டைத் திருப்பி, டைமிங்கை (தீப்பொறி வரும் நேரத்தை) ரெண்டு டிகிரி ரிடார்ட் பண்ணினால், அதாவது தாமதமாக்கினால், சரியாகுமா?

பழைய இரும்பு: தட்டைத் தொடாதீர்கள்! அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம், உள்ளே டெட்டனேஷன் (கலவை சீராக எரியாமல் படாரென்று வெடிப்பது) நடக்கிறது, அதனால் சரியாகும்வரை ஃபுல் த்ராட்டில் வேண்டாம். தட்டைத் திருப்பினால் ரெண்டு சிலிண்டருக்கும் சேர்த்துத்தான் டைமிங் குறையும், ஒழுங்காக ஓடும் மேல் சிலிண்டர் வீணாகச் சோர்ந்துபோகும். இதில் சிலிண்டருக்கு ஒரு பாயிண்ட் செட், அந்தத் தொடுமுனைகள் திறக்கும் நொடியில்தான் தீப்பொறி வரும். கீழ் சிலிண்டருடையதில் கேப் கூடியிருந்தால் அது சீக்கிரம் திறந்து, அந்தப் பக்கம் மட்டும் தீப்பொறி முந்தி வந்து அட்வான்ஸ் ஆகிவிடும். முதலில் கேப்பைச் சமமாக்குங்கள். அப்புறம் காயில் வயரைக் கழற்றி, பாயிண்டில் மீட்டர் மாட்டி, லீவரை முழு அட்வான்ஸில் வைத்து ஃப்ளைவீலை ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றி, பாயிண்ட் திறக்கும்போது பிஸ்டன் உச்சிக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று டயல் கேஜில் பாருங்கள். ஸ்ட்ரோக் 54 மி.மீ., 30 டிகிரி பக்கம் ஒரு டிகிரி என்பது கால் மி.மீ.க்குச் சற்று மேல், அதனால் கண்ணால் பார்த்து ஒப்பேற்ற முடியாது.

படகுப்பித்தன்: பார்த்துவிட்டேன் அண்ணா. ரெண்டுக்கும் வித்தியாசம் 0.1 மி.மீ. கூட இல்லை.

பழைய இரும்பு: ஃப்ளைவீலை ஷாஃப்டில் நகராமல் பிடிக்கும் சாவி?

படகுப்பித்தன்: வெட்டுப்படவில்லை, சுத்தமாக இருக்கிறது.

கரையோரம்: சாவி நகர்ந்திருந்தாலும் ரெண்டு சிலிண்டரும் சேர்ந்துதானே மாறியிருக்கும். இது டைமிங் வேலையே இல்லை. ஒரே கார்புரேட்டர், ஒரே ஜெட், ஒரு பக்கம் மட்டும் லீன் (கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்) என்றால் எங்கோ காற்று புகுகிறது. ரெண்டு சிலிண்டருக்கும் கிராங்க் அறை தனித்தனி. கிராங்கின் கீழ் முனை ஆயில் சீல் தேய்ந்திருந்தால் பிஸ்டன் மேலே போகும்போதெல்லாம் கீழ் அறை அந்த வழியாகக் காற்றை இழுக்கும். ரிடார்ட் பண்ணினால் டெட்டனேஷன் அடங்கின மாதிரி இருக்கும், ஆனால் கலவை லீனாகவேதான் இருக்கும், கடைசியில் பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். கீழ் அறையின் எல்லா வழியையும் அடைத்து லேசாகக் காற்றழுத்தம் கொடுத்து, சீலைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள்.

படகுப்பித்தன்: குபுகுபுவென்று நுரை! சீல் உதட்டில் ஒரு பக்கம் கட்டை மாதிரி இறுகிப்போயிருக்கிறது. புது சீல் சொல்லிவிட்டேன், டைமிங் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

கரையோரம்: போடுவதற்கு முன்னால் ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் புது சீலும் நிற்காது.