1972 எம்ஜிபிக்கு ஐந்து கியரா, ஓவர்டிரைவா?

சிப்புட்_எம்ஜிபி:
வண்டி 1972 எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), 1798 சிசி, ஓவர்டிரைவ் (என்ஜின் சுற்றைக் குறைக்கக் கியர்பாக்ஸின் பின்னால் வரும் துணைக் கியர்) இல்லாத நாலு கியர், பின் ஆக்சில் விகிதம் 3.909. ஓட்டம் பெரும்பாலும் சுங்கை சிப்புட்டிலிருந்து பிளஸ் நெடுஞ்சாலையில் ஈப்போ வரைக்கும்; சில வாரம் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை. மணிக்கு 110 கி.மீ. போனால் என்ஜின் நிமிடத்துக்கு 3800 சுற்றில் கத்துகிறது. ஃபோர்ட் சியரா காரில் வந்த டைப் 9 ஐந்து கியரைப் போடலாமா, இல்லை அசல் ஓவர்டிரைவ் கியர்பாக்ஸைத் தேடலாமா? இரண்டையும் கையாண்டவர்கள் சொல்லுங்கள்.

டைப்9_ஈப்போ:
டைப் 9 போடுங்க தம்பி. ஐந்தாவது கியர் விகிதம் 0.82. உங்க 3800 சுற்று 3100க்கு இறங்கிடும். ஓவர்டிரைவ் பாக்ஸை விட எடையும் குறைவு. 1968க்குப் பிறகு வந்த வண்டியில டன்னல் (பாக்ஸ் உட்காரும் தரை மேடு) அகலம், அதனால தகரத்தை வெட்டவே வேண்டாம். தேவைப்படுவது: மாற்று பெல்ஹவுசிங் (என்ஜினையும் பாக்ஸையும் இணைக்கும் கூடு), 1 அங்குலம் 23 பல் ஸ்ப்லைன் உள்ள கிளட்ச் பிளேட், ஸ்பிகாட் புஷ் (கிராங்க் முனையில் பாக்ஸின் இன்புட் ஷாஃப்டைத் தாங்கும் வளையம்), கிராஸ்மெம்பர் (பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), புது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்பீடோ கேபிள். கிராண்டில் (வண்டிப் பதிவுச் சான்றில்) இருப்பது என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும்தான், அதை நீங்க தொடப் போறதில்லை.

லேகாக்_பெருசு:
0.82 என்று பெருமையாச் சொல்றீங்களே, எம்ஜிபியோட அசல் லேகாக் எல்எச் ஓவர்டிரைவும் அதே 0.82தான். நெடுஞ்சாலையில இரண்டுக்கும் ஒரு சுற்றுகூட வித்தியாசம் வராது. வித்தியாசமெல்லாம் கீழ் கியர்லதான் இருக்கு, அதைத்தான் யாரும் பேசுறதில்லை.

நாலு சிலிண்டர் சியரா பாக்ஸில் முதல் கியர் 3.65, இரண்டாவது 1.97. எம்ஜிபியில் 3.44, 2.167. 4500 சுற்றில் முதல் கியரை விட்டு இரண்டாவது போட்டால் டைப் 9ல 2430க்கு விழும், எம்ஜிபியில 2835ல நிற்கும். எம்ஜிபியோட பழைய பி சீரிஸ் என்ஜினுக்கு அந்த 400 சுற்று பெரிய விஷயம். கேமரன் ஏற்றத்துல ஒவ்வொரு வளைவிலும் அது தெரியும்.

இன்னொன்று. 1972 வண்டியில ஓவர்டிரைவ் மூணாவதிலும் நாலாவதிலும் வேலை செய்யும். மூணாவது 1.38, அதில் ஓவர்டிரைவ் போட்டால் 1.13, பிறகு 1.0, பிறகு 0.82. மலையில 1.38க்கும் 1.13க்கும் நடுவுல கிளட்ச் மிதிக்காமல் சுவிட்சிலேயே மாறிக்கிட்டுப் போகலாம். அந்தச் சுகம் ஐந்து கியர்ல கிடையாது.

டைப்9_ஈப்போ:
வி6 கேப்ரி பாக்ஸ் எடுத்தால் முதல் கியர் 3.36 அண்ணே, ஆக்சில் விகிதத்தோடு பெருக்கினால் 13.1. உங்க அசல் 13.4. பெரிய தூரமில்லை.

லேகாக்_பெருசு:
முதல் கியர் சரி. வி6ல இரண்டாவது 1.81, அதையும் எழுதுங்க. முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவுல உள்ள பள்ளம் அப்படியேதான் இருக்கு. அதோட வி6 இன்புட் ஷாஃப்ட் நீளமே வேற, நாலு சிலிண்டருக்கான பெல்ஹவுசிங் கிட் அதுக்குச் சேராது. ஆர்டர் கொடுக்குமுன் ஷாஃப்டை அளந்து சொல்லணும்.

ஹாஃப்கட்_மணி:
ஏன் ரெண்டு பேரும் இங்கிலாந்தையே பார்க்கிறீங்க? ஹாஃப் கட் (பாதியாக வெட்டி வரும் பழைய ஜப்பான் வண்டி) கடையில யூனோஸ் ரோட்ஸ்டர் (மாஸ்டா எம்எக்ஸ்-5) ஐந்து கியர் கிடைக்கும்லா. 3.136, 1.888, 1.330, 1.0, 0.814. சின்க்ரோ (கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்திசைக்கும் பாகம்) வெண்ணெய் மாதிரி.

லேகாக்_பெருசு:
பாக்ஸ் நல்ல பாக்ஸ்தான். ஆனால் ரோட்ஸ்டரில் அந்தப் பாக்ஸின் வால் பக்கத்தைத் தாங்குவது டிஃபரென்ஷியல் வரை நீளும் அலுமினிய பிரேம். தனியாகப் பின் மவுண்ட் கிடையாது. ஏதோ ஒரு தகட்டை வெல்ட் பண்ணித் தொங்கவிட்டால் வார்ப்பு விரிசல் விடும். 3.136ஐ 3.909ஓடு பெருக்கினால் 12.3தான், செம்பனைத் தோட்டத்துச் செம்மண் மேட்டுல கிளட்ச் கருகும்.

போமன்_கோலகங்சார்:
எந்தப் பாக்ஸானாலும் முக்கால்வாசிக் கோளாறு ஒரே இடத்துலதான் பிறக்குது, பெல்ஹவுசிங் மையம். அதைப் பற்றி இதுவரை ஒருத்தரும் வாய் திறக்கல. பாக்ஸ் மாட்டும் முன்னாடி பெல்ஹவுசிங்கை மட்டும் என்ஜினில் முறுக்குங்க. டயல் கேஜின் காந்த அடியை ஃபிளைவீலில் ஒட்டி, முள்ளைப் பாக்ஸ் உட்காரும் துளையின் உள்விளிம்பில் வைத்து, கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்க. மொத்த ஆட்டம் 0.13 மி.மீ.க்குள் இருக்கணும். கூடினால் விலகல் அதில் பாதி. ஆஃப்செட் டவல் (மையம் விலக்கிச் செய்த பொருத்து ஊசி) போட்டுத் திருத்துங்க. போல்ட் துளையை ராவி விடாதீங்க, முறுக்கும்போது மறுபடி நகரும்.

இதை விட்டுட்டால் முதலில் ஸ்பிகாட் புஷ் தேயும், கிளட்ச் மிதிச்சால் கரகரன்னு சத்தம் வரும், அப்புறம் இன்புட் பேரிங் போகும். பாக்ஸ் மட்டம்னு சொல்லிக் கழற்றி வீசுவாங்க. குற்றம் பாக்ஸ் மேல இல்லை.

ஸ்பிகாட் புஷ்ஷை வெறும் பித்தளையில் கடையக் கூடாது. எண்ணெய் உறிஞ்சும் சின்டர் வெண்கலம் வாங்கி, ஒரு இரவு என்ஜின் ஆயிலில் ஊறப்போட்டுப் பிறகு அடிங்க.

டைப்9_ஈப்போ:
டயல் கேஜ் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஓவர்டிரைவை ஏன் எல்லாரும் கோளாறே இல்லாததுபோல் பேசுறீங்க? சூடானதும் வழுக்கும், சில நேரம் ஏறவே ஏறாது. நம்ம வெயிலுக்கு அது சரிப்படுமா?

லேகாக்_பெருசு:
ஏறவில்லையென்றால் முதலில் மின்சாரம் பாருங்க. பாக்ஸ் மேலுள்ள இன்ஹிபிட்டர் சுவிட்ச் (மூணாவது, நாலாவது தவிர மற்ற கியரில் ஓவர்டிரைவைத் தடுப்பது), பானெட்டுக்குள் இருக்கும் புல்லெட் இணைப்புகள். இந்த ஈரப்பதத்துல பச்சை படிஞ்சிருக்கும். குளிரில் பிடித்துச் சூட்டில் வழுக்கினால் எண்ணெய் அழுத்தம்: அடியிலுள்ள ஆறு போல்ட் தட்டைக் கழற்றி வலை வடிகட்டியைக் கழுவி, ரிலீஃப் வால்வின் ஓ ரிங்கை மாற்றுங்க. எண்ணெய் 20டபிள்யூ-50 என்ஜின் ஆயில், மொத்தம் 3.4 லிட்டர். இபி (அதிக அழுத்தம் தாங்கும்) கியர் ஆயிலோ உராய்வு குறைக்கும் மருந்தோ ஊற்றினால் கூம்பு கிளட்ச் வழுக்கும். பாதிப் பேர் கெடுப்பது அங்கேதான்.

இன்ஹிபிட்டரை நேரடி ஒயரால் தாண்டி விடாதீங்க. ஓவர்டிரைவ் பிடிச்ச நிலையில ரிவர்ஸ் போட்டால் உள்ளே ஒருவழி கிளட்ச் நொறுங்கும்.

சிப்புட்_எம்ஜிபி:
மலைப் பாதை கணக்கைப் பார்த்தபின் மனசு ஓவர்டிரைவ் பக்கம் போகிறது. என்னிடம் இருக்கும் பாக்ஸிலேயே பின்னால் ஓவர்டிரைவ் யூனிட்டை மட்டும் சேர்க்க முடியுமா?

லேகாக்_பெருசு:
முடியாது தம்பி. மெயின்ஷாஃப்டே வேற. முழு ஓவர்டிரைவ் பாக்ஸாகத்தான் வாங்கணும், அதுவும் நாலு சின்க்ரோ, 1968க்குப் பிந்தியது. முந்தையதை உங்க வண்டிக்கு வாங்காதீங்க.

போமன்_கோலகங்சார்:
எதை வாங்கினாலும் என்ஜினும் பாக்ஸும் ஒன்றாக வெளியே வரட்டும், கீழிருந்து பாக்ஸை மட்டும் இறக்க எம்ஜிபியில் வழி இல்லை. டைப் 9க்கே போனால் இரண்டு விஷயம். அதில் வடிகால் திருகு கிடையாது, பக்கவாட்டுத் திருகு வழியே எண்ணெய் வழியும்வரை ஊற்றுங்க. வண்டி சமதளத்தில் நிற்கணும். குறைந்தால் முதலில் காய்வது வால் பக்கமிருக்கும் ஐந்தாவது கியர். அடுத்தது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். எம்ஜிபியில் ஃபிளாஞ்ச், டைப் 9ல வாலுக்குள் நுழையும் ஸ்லிப் யோக். யோக்கை முழுசாத் தள்ளி, சுமார் 20 மி.மீ. வெளியே இழுத்து, அங்கிருந்து ஆக்சில் ஃபிளாஞ்ச் வரை அளந்து கடைசல் பட்டறைக்குக் கொடுங்க. வண்டி நாலு சக்கரத்துல நிற்கும்போது அளங்க. ஜாக்கியில் பின்பக்கம் தொங்கிக்கிட்டிருந்தால் அந்த அளவு தப்பு.