ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல (யார் வேணாலும் திருத்தற மேப்) லேன் டேக், அதாவது ரோட்டுல எத்தனை லேன்ங்கற குறிப்பு, போடப் போய் மண்டை காய்ஞ்ச அனுபவம் இருந்தா சொல்லுங்க

மணல்மேடு:
சென்னை ஓஎம்ஆர், மெட்ரோ வேலை நடக்கற பகுதி. ஒரு பக்கத்துக்கு மூணு லேன், தடுப்பு ஒண்ணை முழுங்கிடுச்சு. ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல லேன்ஸ்=2ன்னு போட்டேன். எவரோ வந்து மறுபடி 3 ஆக்கிட்டார். சேஞ்ச்செட் குறிப்புல (திருத்தத்தோட சேர்த்து எழுதற விளக்கம்) ஒரே வார்த்தை: 'தற்காலிகம்'. மறுநாள் வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தேன். பழைய வெள்ளைக் கோடு நேரா வந்து தகரத்துக்கு அடியில புகுந்து போகுது. உள்ளே ஒரு சிமென்ட் கலவை வண்டி அந்தக் கோட்டு மேலேயே நிக்குது. வருஷக்கணக்கா நிக்கறதுக்குப் பேரு தற்காலிகமா?

வைகைக்கரை:
எங்க ஊர்ல தடுப்பும் கிடையாது, கோடும் கிடையாது. புதுசா தார் போட்டு அப்படியே விட்டுட்டாங்க. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் (நேர்ல பார்த்து மேப்புக்குப் பதில் குடுக்கற போன் ஆப்) 'எத்தனை லேன்?'னு கேக்குது. டீக்கடை வாசல்ல நின்னு போனைத் தூக்கி ரோட்டைக் கண்ணால அளந்துட்டிருந்தேன். கடைக்காரண்ணன் கிளாசைக் கீழ வெச்சுட்டு வந்து மெதுவாக் கேட்டார்: "தம்பி, ரோட்டை அகலப்படுத்தப் போறீங்களா? எங்க கடை வரைக்கும் வருமா?" மேப்புக்குத்தான்ணேன்னு எவ்வளவு சொல்லியும் முகம் தெளியல. கோடு இல்லைன்னு பதிலைக் குடுத்துட்டு டீக்குக் காசு நீட்டினா வாங்க மாட்டேங்கறார். இன்னும் என்னை ஹைவேஸ் ஆளுன்னுதான் நெனச்சிட்டிருப்பார்.

நாற்சந்தி:
மணல்மேடு சார், ரெண்டு வாரத்துல எடுத்துடற தடுப்புன்னா விடலாம். உங்களோடது அப்படியில்ல, 2தான் சரி. ஆனா டேக் மட்டும் மாத்திட்டு ஒரு 'நோட்' கூட எழுதாம வந்தா அடுத்தவருக்கு எப்படித் தெரியும்?

என் கதை சின்னது. ராத்திரி, மழை, நூறடி ரோடு. ஆப் 'வலது லேன்ல இருங்க'ன்னுச்சு, இருந்தேன். அது யூ-டர்ன் லேன். பின்னாடி லாரி ஹாரன் அடிச்சே திருப்பி விட்டுடுச்சு, வந்த வழியிலேயே போனேன்.

அதனால சொல்றேன், டர்ன்:லேன்ஸ் (எந்த லேன் எந்தப் பக்கம் போகும்ங்கற டேக்) போடறவங்க கவனிங்க. வே, அதாவது மேப்புல ரோட்டுக்கான கோடு, எந்தத் திசையில வரைஞ்சிருக்கோ அந்தப் பக்கம் பார்த்து நின்னு, இடமிருந்து வலமா எழுதணும். நாம இடப்பக்கம் ஓட்டறதால முதல்ல வர்றது ஓர லேன். ஜெர்மனி உதாரணத்துல, அவங்க வலப்பக்கம் ஓட்டறதால, முதல்ல வர்றது மீடியன் பக்கத்து லேன், அதைப் பார்த்து காப்பி அடிக்காதீங்க. லெஃப்ட்|த்ரூ|த்ரூ;ரைட்னு போட்டா மூணாவது லேன்ல நேராவும் போகலாம், வலதும் திரும்பலாம். ரெண்டு திசையும் ஒரே வேயா இருந்தா ஃபார்வர்ட், பேக்வர்ட் பிரிச்சு எழுதுங்க. நடுவுல வெறும் மஞ்சள் கோடு மட்டும் இருந்தா வேயை ரெண்டா பிரிக்காதீங்க, கட்டின மீடியன் இருந்தாத்தான் பிரிக்கணும். ஜோசம்ல (கம்ப்யூட்டர்ல இந்த மேப்பைத் திருத்தற மென்பொருள்) லேன் ஸ்டைலைப் போட்டுப் பாருங்க, அம்பு தப்பா இருந்தா பளிச்சுன்னு தெரியும். அப்புறம் கூகுள் ஸ்ட்ரீட் வியூ பார்த்து எழுதற வேலை வேண்டாம், லைசென்ஸ் ஒத்துக்காது. வைகைக்கரை, கோடு இல்லாத ரோட்டுக்கு அகலத்தை மீட்டர்ல எழுதினா இன்னும் உபயோகம்.

மணல்மேடு:
நான் டர்ன் லேன் பத்திப் பேசவே இல்லையே சார். நோட்டும் இருந்துச்சு, அதையும் சேர்த்துத்தான் அழிச்சிருக்காங்க.

மேல்தட்டு சீட்:
சிங்கப்பூர்லேர்ந்து. டபுள் டெக்கர் மாடியில முன் சீட் கிடைச்சா தரையில இருக்கற அம்பெல்லாம் தெளிவாத் தெரியும், உக்காந்தபடியே குறிச்சுக்குவேன். மஞ்சள் கோட்டோட சிவப்புக் கோடும் சேர்ந்து ஓடினா அது முழுநாள் பஸ் லேன், திங்கள் முதல் சனி வரை காலை 7.30லேர்ந்து ராத்திரி 11. அப்படி ஒரு ரோட்டுல நான் போட்ட 3ஐ ஒருத்தர் 2 ஆக்கிட்டார். கார் போக முடியாத லேனை எதுக்கு எண்ணணும்ங்கறார். சைக்கிள் லேனைத்தான் அந்தக் கணக்குல சேர்க்கறதில்ல, பஸ் லேன் சேரும். அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: ஞாயித்துக்கிழமை அந்த லேன் எங்க போகும்? இதுவரைக்கும் பதில் இல்ல.