‘காட்பாடி குடும்பம்’ வாட்ஸ்அப் குழுவில் நிழல் இல்லா நாள்

ஆகஸ்ட் 18

அப்பா, காலை 7:12
தம்பி இன்று பள்ளிக்குத் தொப்பி எடுத்துக்கொண்டு போகிறான். மதியம் ஏழாம் வகுப்பு முழுக்க மைதானத்தில் நிற்கப் போகிறதாம். நிழல் இல்லா நாள்.

பெரியப்பா, 7:15
இன்னாடா இது? வேலூர் வெயிலில் உச்சி நேரத்தில் பிள்ளைகளை நிற்க வைப்பதா? பாடம் எப்போது முடிப்பார்கள்?

சித்தி, 7:16
பலமுறை பகிரப்பட்டது
⚠️ அவசரம்!! இன்று சூரியன் நேர் தலைக்கு மேல்! ஆபத்தான கதிர்கள்! 12 முதல் 3 வரை வெளியே வராதீர்கள்! 10 பேருக்கு அனுப்பவும்!

நான், 7:19
சித்தி, கதிரும் இல்லை ஒன்றும் இல்லை. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் நடுவில் இருக்கிற எல்லா ஊருக்கும் வருடத்தில் இரண்டு நாள் உச்சியில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும், நேராக நிற்கிற பொருளுக்கு வெளியே நிழல் விழாது. நமக்கு ஏப்ரல் 24 வாக்கில் ஒன்று, இப்போது ஒன்று.

சித்தி, 7:20
🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

டெல்லி அத்தை, 7:24
எங்களுக்கு எந்த நாள்?

அப்பா, 7:26
(தம்பி டைப் பண்றேன்) உங்களுக்கு வரவே வராது அத்தை. டெல்லி கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது. ஆனால் எங்களுக்கு நீங்கள்தான் வேண்டும். 30 செ.மீ. ஸ்கேலைத் தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு நேராக நிறுத்துங்கள். 12:15லிருந்து 12:35 வரை நிழலைப் பாருங்கள். எது ரொம்பக் குட்டையோ அந்த அளவு மட்டும் போதும்.

டெல்லி அத்தை, 7:28
சரிடா கண்ணு. லஞ்ச் நேரம்தான், ஆபீஸ் மொட்டை மாடிக்குப் போகிறேன். மேகம் விட வேண்டும்.

அப்பா, மாலை 4:35
📷 போட்டோ
📷 போட்டோ
(தம்பி) டீச்சர் எடுத்தது. முதல் போட்டோ 11:45. சார்ட் பேப்பரில் 30 செ.மீ. பிவிசி பைப், நிழல் நாலு சென்டிமீட்டர் சொச்சம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பென்சில் புள்ளி வைத்தோம். இரண்டாவது 12:17. பைப்புக்கு வெளியே நிழலே இல்லை பாருங்கள். அதற்கு அப்புறம் கிழக்குப் பக்கம் முளைக்க ஆரம்பித்தது.

பெரியப்பா, 4:41
பைப் நேராக நின்றது என்று எப்படித் தெரியும்? கொஞ்சம் சாய்ந்தாலே கணக்கு போச்சு.

அப்பா, 4:43
(தம்பி) கூடப் படிக்கிற பையனின் அப்பா கொத்தனார். அவர் ரசமட்டமும் தூக்குக்குண்டும் கொடுத்து அனுப்பினார். தரை ஒரு பக்கம் வாட்டமாக இருந்தது, அட்டை சொருகிச் சரி செய்தோம். அதற்கே அரை மணி நேரம் போச்சு 😅

பெரியப்பா, 4:44
அப்படியென்றால் சரி. உச்சிப்பொழுது என்றால் 12 மணிதானே? 17 நிமிடம் எங்கிருந்து வந்தது?

அப்பா, 4:45
(தம்பி) நாங்களும் அதைத்தான் கேட்டோம்! 12 மணிக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நிழல் இருந்தது. பாதிப் பேர் வாட்ச் தப்பு என்றார்கள். அக்கா சொல்லு.

நான், 4:52
வாட்ச் சரிதான் பெரியப்பா. இந்தியாவின் மணி 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைப்படி ஓடுகிறது, அது மிர்சாபூர் பக்கம் போகிறது. வேலூர் 79 டிகிரி சொச்சத்தில். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் சுமார் 13 நிமிடம் ஆச்சு. மீதி நாலு நிமிடம், இந்த மாதத்தில் சூரியன் கடிகாரத்துக்குப் பின்தங்கி வருவதால்.

பெரியப்பா, 4:55
இத்தனை வருடம் ரயில்வேயில் நிமிடக் கணக்கு பார்த்தவனுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

டெல்லி அத்தை, 5:20
மன்னிக்கணும், மீட்டிங். மேகம் விட்டு விட்டு வந்தது. 12:25 வாக்கில் 8.5 செ.மீ. அதற்குக் குறையவில்லை. செக்யூரிட்டி வந்து என்ன மேடம் செய்கிறீர்கள் என்று கேட்டார் 😂

அப்பா, 6:05
(தம்பி) வந்துவிட்டது! 30க்கு 8.5, முக்கோணம் வரைந்து பாகைமானி வைத்தேன். 16 டிகிரி. எங்களுக்கு 0. அப்படியென்றால் பூமி வட்டத்தில் இரண்டு ஊருக்கும் நடுவில் 16 டிகிரி. வேலூரிலிருந்து டெல்லிக்கு வடக்கே சுமார் 1,740 கி.மீ. வட்டம் 360, அதில் 16 டிகிரி 22.5 தடவை. 1,740 × 22.5 = 39,150 கி.மீ. பூமியின் சுற்றளவு!! உண்மையில் சுமார் 40,000.

சித்தி, 6:07
👏👏👏 ஸ்கேலும் பாட்டிலும் வைத்தா?

நான், 6:09
2,200 வருடத்துக்கு முன்னால் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தில் செய்ததும் இதேதான் சித்தி. நடுப்பகலில் அலெக்சாண்டிரியாவில் நிழல் இருந்தது, தெற்கே சையீனில் இல்லை.

பெரியப்பா, 6:14
ஒரு நிமிடம். கேரளா எக்ஸ்பிரஸில் காட்பாடியிலிருந்து டெல்லி 2,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். 1,740 யார் அளந்தது?

அப்பா, 6:16
(தம்பி) தண்டவாளம் வளைந்து வளைந்து போகும் பெரியப்பா. எங்களுக்கு நேர் வடக்கு தெற்கு தூரம்தான் வேண்டும். அட்லஸ் அளவுகோலில் ஸ்கேல் வைத்துப் பார்த்தோம்.

பெரியப்பா, 6:18
இது பரீட்சையில் வருமா?

அப்பா, 6:21
இது அப்பாவே. வராது என்றுதான் நினைக்கிறேன் அண்ணா. வானவில் மன்றம் என்று 2022லிருந்து அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை செய்முறைக்கென்றே இருக்கிறது. ஆனால் இன்றைக்கு இதைச் செய்தது டீச்சர் தானாகவே.

பெரியப்பா, 6:25
பரவாயில்லை, நல்ல டீச்சர். ஏப்ரலில் பள்ளி லீவாக இருக்கும். என் வீட்டு மாடியில் செய்யுங்கள். பழைய ரசமட்டம் பரணில் இருக்கிறது, எடுத்துத் துடைத்து வைக்கிறேன்.

அப்பா, 6:26
(தம்பி) நீங்களும் மாடிக்கு வரணும்!

பெரியப்பா, 6:27
ஏப்ரல் மாத உச்சி வெயிலிலா? மோர் கலந்து படிக்கட்டில் வைக்கிறேன். போய் அளங்கள்.