"படிப்படியாக யோசி"ன்னு போட்டா நாலு மடங்கா?

குறுக்குசால்:
"ஏஐக்கு நாம எழுதிக் கொடுக்குற எந்த ப்ராம்ப்டா இருந்தாலும் கடைசியில 'படிப்படியாக யோசி'ன்னு ஒரு வரி போடுங்க, பதில் நாலு மடங்கு சரியா வரும்." இப்படி ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்த மாடல், என்ன வேலை, ஒன்றும் கிடையாது. அள்ளிவிடுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

மின்மினி77:
எழுதினது நான்தான் சார். அள்ளிவிடல. டோக்கியோ பல்கலைக்கழக, கூகுள் ஆய்வாளர்கள் 2022ல வெளியிட்ட கட்டுரை. மல்டிஅரித்னு ஒரு சோதனைக் கணக்குத் தொகுப்புல 17.7 சதவீதம் சரியா வந்துட்டிருந்தது, அந்த ஒரு வரி சேர்த்ததும் 78.7. வகுத்துப் பாருங்க, நாலுக்கும் மேல.

குறுக்குசால்:
வகுக்கத் தெரியும் தம்பி. அது சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயின் ஜிபிடி-3 வழிவந்த பழைய மாடல். கேள்விகளும் பள்ளிக்கூடக் கணக்கு. நடைமுறை அறிவுக் கேள்விகளில் இந்த வரியால் பலன் இல்லை என்று அதே கட்டுரையில் இருக்கிறதே, அந்தப் பக்கம் மட்டும் உங்களுக்குத் திறக்கவில்லையோ? விடுப்புக் கடிதம் கேட்டால் நாலு மடங்கு விடுப்பா கிடைக்கும்?

மின்மினி77:
நாலு மடங்குன்னேன். நாலு மடங்கு இருக்கு. மத்ததெல்லாம் பேச்சை மாத்துற வேலை.

ஓரமாய்ஒருவன்:
யாருக்கு எழுதணும், எத்தனை வரி, எது வரக்கூடாதுன்னு சொல்லிட்டு நல்ல மாதிரிப் பதில் ரெண்டு ஒட்டினாலே பாதி வேலை முடிஞ்சுது. மாதிரி காட்டினா மாடல் பிடிச்சுக்கும்னு 2020லயே ஜிபிடி-3 கட்டுரையில காட்டிட்டாங்க.

குறுக்குசால்:
மாதிரிக் கதை அப்புறம். நாலு மடங்குக்கு வாருங்கள். 2024 செப்டம்பரில் ஓப்பன்ஏஐயின் ஓ1 மாடல் வந்ததிலிருந்து இந்த வகை மாடல்கள் பதில் சொல்லுமுன் தாமாகவே யோசிக்கின்றன. அவற்றுக்கு இந்த வரி தேவையில்லை என்று ஓப்பன்ஏஐ வழிகாட்டியே சொல்கிறது.

குறுக்குசால்:
பதிலைக் காணோம். இன்றைக்கு எத்தனை மடங்கு? ஒன்றா, அரையா?

வெண்தாடி:
அது என்ன 'யோசி'? 'யோசியுங்கள்' என்று எழுதினால் குறைந்தா போய்விடுவோம்? நான் நன்றி சொல்லித்தான் முடிப்பேன்.

குறுக்குசால்:
ஐயா, மெஷினுக்கு எதற்கு மரியாதை? டோக்கன்தான், அதாவது மாடல் எண்ணும் சொல்துண்டுகள்தான், வீண்.

வெண்தாடி:
இந்த ப்ளீஸ், தேங்க்ஸுக்கு எவ்வளவு மின்செலவு என்று 2025இல் கேட்டபோது, கோடிக்கணக்கான டாலர், ஆனால் நல்ல செலவுதான் என்ற பொருளில் பதில் போட்டவர் ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மன். பணம் கட்டுகிறவருக்கே வலிக்கவில்லை, உங்களுக்கு ஏன் வலிக்கிறது?

மின்மினி77:
விடுங்க ஐயா. ப்ராம்ப்ட் எழுதுறதே ரெண்டு வருஷத்துல செத்துடும்னு சாபம் விட்டவர் இந்த குறுக்குசால் சார். இன்னும் அதே கோபம்.

குறுக்குசால்:
யாருக்குக் கோபம்? '500 ரகசிய ப்ராம்ப்ட்' என்று பிடிஎஃப் போட்டுக் காசு பார்த்தது யார்? அதில் பாதி 'நீ 20 வருட அனுபவமுள்ள நிபுணர்' என்றுதான் தொடங்குகிறது.

மின்மினி77:
பாதின்னு எப்படித் தெரியும்? வாங்கினீங்களா?

குறுக்குசால்:
வாங்கியதால்தான் சொல்கிறேன். முதலில் காசைத் திருப்பிக் கொடுங்கள், பிறகு மடங்கைப் பேசலாம்.

ஓரமாய்ஒருவன்:
அந்த பிடிஎஃப் யார்கிட்டயாவது இருக்கா?